முடிவும் தரவும்: மகாதேவன் தொடரடைவு முன்வைக்கும் அளவுகோல்

தமிழியல் ஆய்வு தன் முடிவுகளைப் பேணும் அளவுக்கு அவற்றின் தரவுகளைப் பேணுவதில்லை. களத்தில் பதிவான பேச்சும், சொல்லடைவு அட்டைகளும், கல்வெட்டு மைப்படிகளும் கட்டுரை அச்சேறியதும் ஆய்வாளரின் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. முடிவை ஏற்கவோ மறுக்கவோ விரும்புபவருக்கு மூலச்சான்று எட்டுவதில்லை. இந்நிலைக்கு மாறான ஒரு முன்மாதிரியையும் அதன் வரம்புகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஐராவதம் மகாதேவனின் சிந்துவெளி எழுத்துத் தொடரடைவை இந்தியத் தொல்லியல் துறை 1977-இல் வெளியிட்டது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினித் துணையுடன் உருவான அந்நூல், 2,906 பொருள்களில் உள்ள 3,573 வரிகளை 417 குறிகளின்கீழ் அடைவு செய்தது. அவ்வெழுத்தின் மொழி திராவிடம் என்பதே மகாதேவனின் கருத்து. ஆயினும் அடைவில் குறிகளுக்கு எண்களே வழங்கப்பட்டன, ஒலிமதிப்பு வழங்கப்படவில்லை. தொகுத்தவரின் கருதுகோளை ஏற்காதவரும் தொகுப்பைப் பயன்படுத்த இதுவே வழி திறந்தது.

அதன் பயன் பின்னர் வெளிப்பட்டது. சிந்துவெளிக் குறிகள் மொழியைப் பதியும் எழுத்தே அல்ல என்று ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் ஆகியோர் 2004-இல் வாதிட்டபோது, பொறிப்புகளின் சராசரி நீளத்திற்கு இவ்வடைவையே சான்று காட்டினர். மொழிக்குரிய ஒழுங்கு அவற்றில் உண்டு என்று ராஜேஷ் ராவ் குழுவினர் 2009-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோதும் அடிப்படை இவ்வடைவே. சிதைந்தவை, ஐயத்திற்கு இடமானவை, பல வரிகளில் அமைந்தவை ஆகியவற்றை விலக்கி 1,548 வரிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். விலக்கிய விதியும் அறிவிக்கப்பட்டிருப்பதால், அத்தேர்வு சரியா என்று பிறர் வினவ இயலும்.

வரம்புகளும் உண்டு. மகாதேவன் 417 எனக் கண்ட குறிகளை அஸ்கோ பர்ப்போலா 386 என்றும் பிரையன் வெல்ஸ் 676 என்றும் வகுத்தனர். இரு வடிவங்கள் ஒரே குறியின் வேறுபாடுகளா, தனித்தனிக் குறிகளா என்று முடிவு செய்வதே ஒரு விளக்கம்தான். ஆதலால் பட்டியலோடு அதை உருவாக்கிய முடிபுகளும் பேணப்பட வேண்டும். திருத்தம் நேரும்போது பழைய வடிவமும் அழியாமல் நிற்க வேண்டும். அச்சு நூலில் இது எளிதன்று. இத்தொடரடைவு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்து ஆய்வு மையத்தின் வழி இணையத்திற்கு வந்திருப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

பல்கலைக்கழகத் தரவகங்கள் இத்தேவைக்கென்றே அமைந்தவை. டெக்சாஸில் ஆஸ்டின் பல்கலைக்கழகம், ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் முதலியவை பங்கேற்கும் பொதுத் தரவகம், ஹார்வர்டில் உருவான டேட்டாவர்ஸ் மென்பொருளில் இயங்குகிறது. ஒவ்வொரு தொகுப்புக்கும் நிலையான அடையாள எண் கிடைக்கிறது. முந்தைய பதிப்புகள் நீடிக்கின்றன. இந்தியாவிலோ, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’வில் சேர்கின்றன. ஆய்வேடு கிடைக்கிறது, அதன் பின்னிருக்கும் ஒலிப்பதிவும் அட்டவணைக் கோப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எல்லாத் தரவையும் ஒருபடித்தாகத் திறந்து வைக்கவும் இயலாது. முத்திரைப் பொறிப்புக்கு அந்தரங்கம் இல்லை. பேசும் மனிதருக்கு உண்டு. டாலஸை அடுத்த காப்பெல் போன்ற ஊர்களில் வளரும் குழந்தைகளின் தமிழைப் பதிவு செய்யும் ஆய்வாளர், பெயர்களை நீக்கினாலும் குரல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதை உணர வேண்டும். பெற்றோரின் இசைவு கட்டுரைக்கு மட்டுமா, பிறரின் மறுபயன்பாட்டிற்கும் உரியதா என்பது பதிவுக்கு முன்பே தெளிவாக வேண்டும். அடையாளம் நீக்கிய எழுத்துப்பெயர்ப்பைப் பொதுவில் வைத்து, ஒலியைக் கட்டுப்பட்ட காப்பில் வைப்பது ஏற்புடைய நடுவழி. இசைவின்மையைக் காரணம் காட்டி முழுத் தரவையும் மறைப்பது அவ்வழியன்று.

மாநாட்டுத் தொகுதிகள் இதில் ஒரு சிறு விதியை ஏற்கலாம்: தரவு எங்குள்ளது, யார் எந்த நிபந்தனையில் அணுகலாம், எவை எவ்விதியால் விலக்கப்பட்டன என்பதை ஒவ்வொரு கட்டுரையும் கூற வேண்டும். மகாதேவன் 2018-இல் மறைந்தார். அவர் ஏற்காத முடிவுகளை நாடுவோரும் அவருடைய அடைவை இன்றும் திறக்கின்றனர். தமிழியல் தரவுகளின் தகுதியை இந்த அளவுகோலால் அளப்பதே பொருந்தும்.