டில்லியில் கிடைத்த நான்காம் ஸ்தானம்

1951-ஆம் வருஷம் மார்ச் மாதம் 4-ஆம் தேதி, சுதந்திரம் பெற்று நான்கு வருஷங்கூட நிரம்பாத நம் தேசத்தின் தலைநகரில், ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளைத் தொடங்கிவைத்தார். பதினொரு தேசங்களின் வீரர்கள் அன்று அணிவகுத்து நின்றார்கள். ஈரானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலினால் கால்பந்தில் நமக்கு வந்து சேர்ந்த தங்கத்தைப் பற்றியும், நீச்சலில் சச்சின் நாகும், நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓட்டங்களில் லெவி பின்டோவும் முந்தி வந்ததைப் பற்றியும் இன்றளவும் ஆசையோடு பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே வாரத்தில், அதே டில்லியில், ஐந்தே தேசங்கள் கலந்துகொண்ட கூடைப்பந்துப் போட்டி ஒன்றும் நடந்தது என்பதை விளையாட்டில் சிரத்தையுள்ளவர்கள்கூட மறந்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் முதலாவதாகவும், ஜப்பான் இரண்டாவதாகவும், ஈரான் மூன்றாவதாகவும் வர, நமக்குக் கிடைத்தது நான்காம் ஸ்தானம். பர்மா ஒன்றே நமக்குப் பின்னால் நின்றது.

அந்த நான்காம் ஸ்தானத்தைத்தான் இன்று அலச விரும்புகிறேன். பதக்கம் இல்லாத இடம் என்பதால் அதை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஏனெனில் அந்தப் போட்டியில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் சந்தித்தாக வேண்டியிருந்தபடியால், ஒரு நாள் அதிர்ஷ்டம் ஓர் அணியைத் தூக்கிவிடுவதோ, ஒரு நாள் சோர்வு மற்றோர் அணியைக் கவிழ்த்துவிடுவதோ அங்கே எளிதில் நடக்கக்கூடியதல்ல. அப்படிக் கிடைத்த வரிசை, அன்றைய ஆசியாவில் கூடைப்பந்து எந்தெந்த தேசத்தில் எவ்வளவு ஆழம் வேரோடியிருந்தது என்பதை ஏறக்குறைய அப்படியே காட்டிவிடுகிறது.

இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அன்றைய ஆட்டத்தின் இலக்கணம் சற்று விசித்திரமாகத் தோன்றும். முப்பது விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தே தீர வேண்டும் என்ற விதி சர்வதேச ஆட்டத்திற்கு 1956-இல்தான் வந்தது. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற சலுகை 1984 வரையில் கிடையாது. ஆகவே 1951-இல் பந்து யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் விரும்பும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். எதிரியின் காவலில் ஒரு விரிசல் காணும்வரை கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். அத்தகைய ஆட்டத்தில் ஜெயிப்பது உயரமோ உடல் பலமோ அல்ல. தடுமாறாத கையும், சகாவின் அடுத்த அடி எங்கே விழும் என்று பாராமலே அறியும் கண்ணுமே. அவை இரண்டும் சிறு வயதிலிருந்து தினந்தோறும் பந்தைத் தொட்டு வருகிற அப்பியாசத்தினால் மட்டுமே வருகிறவை.

பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கு அந்த அப்பியாசம் இருந்தது. கார்லோஸ் லோய்சாகா என்ற இளைஞர் தம் தேசத்துக்காக ஆசியப் போட்டியில் முதன்முதலாக ஆடியது டில்லியில்தான். அதன்பின் மணிலா, டோக்கியோ, ஜகார்த்தா என்று அடுத்த மூன்று ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வென்று, நான்கு தங்கங்களுக்கு உரியவரானார். லாரோ மூமார் என்ற மற்றொரு வீரருக்கு அவர்கள் ஊரில் ‘நரி’ என்று பட்டப்பெயர்; ஓர் ஆட்டக்காரனுக்கு ஜனங்கள் இப்படிப் பெயர் சூட்டுகிறார்கள் என்றால், ஆட்டத்தின் நுட்பத்தை உணர்ந்து ரசிக்கிற கூட்டம் அங்கே இருந்தது என்று அர்த்தம். 1913 முதல் 1934 வரை நடந்த கீழைத் தேசப் போட்டிகளில் ஒரே ஒரு முறை, 1921-இல், சீனத்திடம் முதலிடத்தை இழந்ததைத் தவிர, மற்ற எல்லா முறையும் கூடைப்பந்தில் வென்றவர்கள் அவர்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, அமெரிக்காவிடம் மட்டுமே தோற்று ஐந்தாம் இடத்தைப் பெற்றார்கள்.

பெர்லினைச் சொன்னதும் அந்த இறுதியாட்டம் நினைவுக்கு வருகிறது. திறந்த வெளியில், டென்னிஸ் ஆடும் மண் தரையில், கொட்டுகிற மழையில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. சேற்றில் பந்தைத் தட்டினால் அது எழவே இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடியும் கடைசிக் கணக்கு 19-க்கு 8 என்பதோடு நின்றுவிட்டது. கால்பந்தைச் சேற்றிலும் ஆடலாம், கபடியை மணலிலும் ஆடலாம்; கூடைப்பந்து மட்டும் தரை ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனக்கு அந்த சாட்சிகூட வேண்டியிருந்ததில்லை. பன்றிமலை அடிவாரத்துக் கன்னிவாடியில் சிறுவர்களாய் இருந்த நாங்கள், டிரில் மாஸ்டர் ஒருவர் கொல்லரிடம் சொல்லி ஒன்றரை அடி விட்டத்தில் இரும்புக் கம்பியை வளைத்து, பத்தடி உயரத்தில் பலகையோடு பொருத்தித் தந்த ஒற்றை வளையத்தின் கீழே ஆடினோம். செம்மண் தரை, ஓங்கித் தட்டினாலும் பந்து முழங்காலோடு நின்றுவிடும், சரளைக்கல்லில் பட்டால் பக்கவாட்டில் ஓடி வேலிமுள்ளில் போய் விழும். தட்டிக்கொண்டே ஓடுவது எங்களுக்கு இயலாத காரியமாகவே இருந்தது. வாங்கினோம், வீசினோம், அவ்வளவே. ஆட்டத்தின் பாதியை நாங்கள் கற்கவேயில்லை என்பது, பிற்பாடு திண்டுக்கல்லில் சிமெண்டுத் தரையில் ஆடிய பிள்ளைகள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டு போனபோதுதான் விளங்கிற்று.

1951-இல் நம் தேசத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவேதான் என்று நான் நம்புகிறேன். இதில் நெஞ்சை உறுத்துகிற விஷயம் என்னவென்றால், மணிலாவிலும் சென்னையிலும் விதைக்கப்பட்டது ஒரே விதை. 1891-ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் மாடத்து விளிம்பில் கூடைகளை மாட்டிக் கண்டுபிடித்த ஆட்டத்தை, அதே ஸ்தாபனத்தார்தான் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுபோனார்கள், நமக்கும் கொண்டுவந்தார்கள். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவிலேயே அவ்வகையில் மூத்த கல்லூரிகளுள் ஒன்று. அங்கே பயின்று வெளிவந்தவர்கள்தாம் ஊரூராய்ப் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாக அமர்ந்தார்கள். ஆசிரியர்களுக்குக் குறைவில்லை, ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் மணிலாவில் அந்த ஆட்டம் கல்லூரி மதிலைத் தாண்டி, கோயில் முன்றிலுக்கும் சந்தை முனைக்கும் சந்துபொந்துகளுக்கும் வந்து குடியேறியது. 1924 முதலே கல்லூரிகளுக்குள்ளும், 1938 முதல் வியாபார ஸ்தாபனங்களுக்குள்ளும் வருஷந்தோறும் போட்டிகள் நடந்தன. நம்மிடத்திலோ அது மதிலுக்குள்ளேயே தங்கிவிட்டது. தேசிய சாம்பியன் போட்டி 1934-இலேயே தொடங்கியிருந்தபோதிலும், அகில இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது 1950-இல், டில்லிப் போட்டிக்கு ஒரு வருஷம் முன்புதான்.

உயரத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லோய்சாகாவின் உயரம் ஆறடி மூன்றங்குலத்தைச் சுற்றியே இருந்தது; பஞ்சாபில் அப்படிப்பட்ட இளைஞர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டாம் ஸ்தானம் பெற்ற ஜப்பானியரும் உயரத்துக்குப் பேர்போனவர்கள் அல்லர். அதுவும் அவர்கள், யுத்தத்தில் தோற்று, 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைப்பே இல்லாமல் ஒதுக்கப்பட்டு, நகரங்கள் சாம்பலாகக் கிடந்த நிலையிலிருந்து எழுந்து வந்தவர்கள். அந்நிலையிலும் நம்மைவிட அவர்கள் மேலே நின்றார்கள் என்பது உயரத்தால் வந்ததல்ல. டில்லிக்குச் சில மாதங்கள் முன்பு, 1950-இல் புவெனஸ் அயர்ஸ் நகரத்து லூனா பார்க் அரங்கில் நடந்த முதலாவது உலக சாம்பியன் போட்டியில், அர்ஜென்டினா 64-க்கு 50 என்று அமெரிக்காவையே தோற்கடித்ததும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. பேட்டைக்குப் பேட்டை விளையாட்டுக் கழகமும் அதற்கொரு ஆடுகளமும் வைத்திருந்த ஜனங்கள் அர்ஜென்டினர்கள்.

டில்லியில் வென்ற பிலிப்பைன்ஸ் அதோடு நிற்கவில்லை. மூன்றே வருஷங்களில், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் அடுத்தபடியாக வெண்கலம் பெற்றது. அந்தப் போட்டியின் தலைசிறந்த ஐவருள் லோய்சாகாவும் ஒருவரானார். ஆடவர் உலகப் போட்டியில் அந்த ஸ்தானத்தை வேறெந்த ஆசிய அணியும் இதுவரை எட்டியதில்லை. நாமோ 1975-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய சாம்பியன் போட்டியில் மீண்டும் ஒரு நான்காமிடம் பெற்றோம். ஒலிம்பிக் கூடைப்பந்தில் நாம் ஆடியது ஒரே ஒரு தடவை, பல தேசங்கள் புறக்கணித்த 1980 மாஸ்கோவில்தான்.

ஆனால் நம் பக்கத்தில் நம்பிக்கை கொள்வதற்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோடையில் பெரியகுளத்துக்குப் போய், சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் நடத்துகிற அகில இந்தியப் போட்டியை மின்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சூழ்ந்த ஒரு சிற்றூரில், ராணுவத்து அணிகளும் வங்கி அணிகளும் மோதுவதைக் காண, பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்த ஜனங்கள் இராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து, நல்ல பாஸ் ஒன்றுக்கு, கூடை விழுவதற்கு முன்பே கைதட்டுகிறார்கள். அந்த ரசனையை எந்தச் சம்மேளனமும் கட்டளையிட்டு உண்டாக்கிவிட முடியாது; ஊருக்குள் ஒரு நல்ல தரை தலைமுறைக் கணக்கில் இருந்ததால் அது தானாக விளைந்தது.

சென்ற மாதம் கன்னிவாடியில், நாங்கள் ஆடிய அதே மூலையில், புதிதாய்ச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஆறடி உயரத்திலிருந்து விட்ட பந்து நாலடிக்காவது எழ வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் கணக்கு. டிரில் மாஸ்டர் கம்பத்தில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து வைத்து, வருஷா வருஷம் எங்கள் செம்மண்ணில் சோதித்துப் பார்த்து, வாய் திறவாமல் கோட்டை அழித்துவிட்டுப் போவார். பத்து வயதுப் பையன் ஒருவனிடம் பந்தைக் கொடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தி விடச் சொன்னேன். விட்டான். பந்து தரையைத் தொட்டு நேரே எழுந்து அவன் மார்பளவு வந்தது; அவன் குனியாமலே அதை வாங்கித் திரும்பவும் தட்டத் தொடங்கினான்.