கணவன் பெயர் என்னும் கட்டம்

கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட ‘கூலி உமன்’ நூலின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு தாள். 1903இல் கல்கத்தாவிலிருந்து ‘தி கிளைட்’ என்ற கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் குடியேற்றச் சீட்டு. வயது 27. நான்கு மாதக் கர்ப்பம். கணவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. குழந்தை கடலிலேயே பிறந்தது.

விதவையா, ஏமாற்றப்பட்டவளா, ஓடிப்போனவளா? வெற்றிடத்தைப் பார்த்ததும் நமக்கு இந்த மூன்று கதைகள்தாம் தோன்றுகின்றன. மூன்றுமே ஓர் ஆணிடம் போய் முடிபவை. பகதூர் எதையும் தேர்ந்துகொள்வதில்லை. ஆவணம் நின்றுபோகும் இடத்தில் கேள்விகளாக அடுக்கிக்கொண்டு போகிறார். என் மாணவியர் சிலருக்கு இது எரிச்சலூட்டியது, ‘பதில் சொல்லாமல் நழுவுகிறார்’ என்றார்கள். எனக்கோ நூலின் நேர்மையான பகுதியே அதுதான். ஒரு பதிலைப் புனைந்திருந்தால் விறுவிறுப்பான நாவல் கிடைத்திருக்கும், சுஜாரியா இன்னொரு முறை யாரோ ஒருவரின் கையெழுத்தில் எழுதப்பட்டிருப்பாள்.

ஆனால் அது பெரிதும் கல்கத்தாத் துறைமுகத்தின் கதை. நம் பாட்டிமார் ஏறியது சென்னையில். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களுக்கான கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம். தாயின் பெயருக்குக் கட்டம் இல்லை. மகளிலிருந்து தாய்க்கு, தாயிலிருந்து அவள் தாய்க்கு என்று பின்னோக்கிப் போக நினைப்பவள் முதல் படியிலேயே தகப்பன்மாரிடம் போய் நிற்கிறாள். பெயர்களும் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டவை. ஒரு முனியம்மாவைத் தேட நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். உடல் அடையாளத்தை மட்டும் கவனமாகக் குறித்திருக்கிறார்கள். ஆளை இனங்காண அது வேண்டும். நெற்றியில் தழும்பு என்று இருக்கும். அது எப்படி வந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

இந்தப் பட்டியலில் ‘மனைவி’ என்ற சொல்லைக் கண்டதும் ஒரு குடும்பம் கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் பொறுக்க வேண்டும். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள்பிடிக்கும் தரகருக்குப் பெண் என்பவள் நிரப்ப வேண்டிய எண்ணிக்கை. முகாமில் காத்திருந்த வாரங்களில் ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்தவர்களும் கணவன் மனைவியாகவே பதிவானார்கள். அது கட்டாயமா, பாதுகாப்பா, விருப்பமா? மூன்றும் கலந்தும் இருக்கலாம். பட்டியலில் மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

ஆக, சேர்த்து வைத்ததும் பதிவேடு. பிரித்ததும் அதுவே. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத இந்தியத் திருமணங்கள் செல்லாமல் போயின. அந்த ஆண்டு சத்தியாகிரகத்தில் பெண்கள் சிறை சென்றதற்கு இது ஒரு காரணம். பாடநூல்கள் இதைப் ‘பத்தினிகளின் மானம்’ என்ற தொனியில் சொல்லும்போது எனக்கு ஒட்டவில்லை. மானம் மட்டுமா? வாரிசுரிமை, குழந்தையின் நிலை, கணவனோடு நாட்டுக்குள் நுழையும் உரிமை எல்லாம் அதில் இருந்தன.

பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ கவிதையை இந்தப் பட்டியல்களின் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். பிஜித் தீவின் பெண்களுக்காக அவன் பட்ட துயரம் உண்மையானது. என்றாலும் அங்கே பெண்கள் ஒரு கூட்டமாகவே அழுகிறார்கள், ஒருத்திக்கும் பெயர் இல்லை. கொடுமையான அந்தப் பட்டியலோ ஒவ்வொருத்தியையும் தனித்தனியே எழுதுகிறது. இதை ஏற்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கூலிக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தமாகாமலும் அங்கேயே தங்குவோர்க்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. அதாவது 60 ஷில்லிங். அவளுடைய முதலாண்டுக் கூலி முழுவதும். தனித்து வாழத் துணிந்தவளுக்கு அந்த நாடு வைத்த விலை இது. ‘ஏன் இன்னொருவனோடு சேர்ந்தாள்’ என்று கேட்கும் பேரப்பிள்ளைகள் முதலில் இதைக் கூட்டிப் பார்க்கட்டும். 1903இல் இந்த வரி பிள்ளைகளுக்கும் நீண்டது. ஆண் பிள்ளைக்கு 16 வயதிலிருந்து, பெண் பிள்ளைக்கு 13லிருந்தே. அதன் பிறகான பதிவுகளில் ஒரு சிறுமிக்கு வயது 12 என்று கண்டால், அதைச் சொன்னது யார், எதற்காகச் சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் அடுத்த வரிக்குப் போகிறேன்.