இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டரை எப்படி ரசிப்பது?

வாடிவாசலுக்குள் காளை நிற்பது தெரியும்; எப்போது பாயும் என்பது தெரியாது. அலங்காநல்லூர்க்காரர்களுக்கு அந்த நொடியை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் சென்டோசா தீவில், யுனிவர்சல் ஸ்டுடியோஸில் உள்ள ‘ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி’ ரோலர் கோஸ்டர் அந்த நொடியை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முழுக்கக் கட்டடத்துக்குள், பெரும்பாலும் இருட்டில் ஓடுகிறது. மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறையப் போகின்றன. ஆனால் பலர் கண்ணை இறுக மூடிக் கத்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கண்ணைத் திறந்து வையுங்கள்.

இருட்டுக்குள் வண்டி விடும் யோசனை பழசு. 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஐந்து சென்ட் கட்டணத்துக்குச் சறுக்கு ரயில் விட்டவர் லாமார்கஸ் தாம்சன். 1887-ல் அட்லாண்டிக் சிட்டியில் அவர் அமைத்த ரயில் குகைகளுக்குள் புகுந்தது. வண்டி நெருங்கியதும் விளக்கெரிந்து, உள்ளே தீட்டிய காட்சிகள் தெரியும். மம்மி அந்த வம்சம்தான்.

1975-ல் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் திறந்த ‘ஸ்பேஸ் மவுன்டன்’ என்ற இருட்டுக் கோஸ்டர் இன்னும் துணிந்தது. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அலங்காநல்லூர் சாலையில் நம் பையன்கள் பைக்கில் அதைவிட வேகமாகப் போகிறார்கள். ஆனாலும் ஏறியவர்கள் பறந்ததாகச் சொன்னார்கள். வெட்டவெளியில் கண் முன்கூட்டியே தண்டவாளத்தைப் பார்த்துவிடும். வளைவு வருமுன் உடம்பு தயாராகிவிடும். இருட்டில் அந்த எச்சரிக்கை கிடையாது. முகத்தில் அடிக்கும் காற்றும் உள்காதின் சமநிலை உணர்வும் சொல்வதுதான் சேதி. சின்னப் பள்ளம்கூட வயிற்றைப் புரட்டுவது அதனால்தான். என் கணக்கில், வேகத்தைக் கூட்டுவதைவிட இது பெரிய கலை.

மம்மியின் முதல் பகுதி மெதுவாகப் போகும். 1930-களின் எகிப்து, புதையல், சாபம். அலுத்துக்கொள்ளாமல் பாருங்கள். ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். கதைக்காக நிற்பதுபோலத் தெரிகிற இடம் பாதுகாப்புக்கான இடைவெளியாகவும் பயன்படும். வண்டி வழி அடைபட்டு நிற்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அடுத்து அது பின்னோக்கிப் போகும், திசை குழம்பும்.

பிறகு வருவது பாய்ச்சல். சங்கிலி கட்டி மேட்டுக்கு இழுக்கிற கடகடச் சத்தம் கிடையாது. மின்காந்த மோட்டார் நிற்கிற வண்டியைத் தள்ளிவிடுகிறது. சாதாரண மோட்டாரைப் பிரித்து நேர்கோடாக விரித்ததுபோன்ற அமைப்பு அது. 1996-ல் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்டில் ‘ஃபிளைட் ஆஃப் ஃபியர்’ என்ற உள்ளரங்கக் கோஸ்டருக்காக பிரீமியர் ரைட்ஸ் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. மம்மியைக் கட்டியதும் அவர்களே. தலைகீழ்ச் சுழற்சி ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

முடிந்தால் முதல் வரிசை கேளுங்கள். முன்னால் இருட்டு மட்டுமே இருக்கும். இரண்டாம் முறை ஏறினால், வளைவு எந்தப் பக்கம் வரும் என்று உடம்பால் ஊகித்துப் பாருங்கள். முதுகுவலி, இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். 122 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். கிளம்புமுன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள்.