காலதரும் கண்ணாடியும்

சன்னல் என்று இன்று நாம் வழங்கும் சொல் போர்த்துக்கீசியர் வழி வந்தது. அதற்கு முன்பே தமிழில் இப்பொருளுக்குச் சொற்கள் பல இருந்தன. அவற்றுள் சிலப்பதிகாரத்தில் ஆளப்பெற்ற 'காலதர்' என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். வெப்ப நாட்டில் வாழ்ந்த மக்கள் சுவரில் திறப்பு அமைத்ததன் நோக்கத்தை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது.

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழும் புதிய வீடுகள் பலவற்றில் தரையிலிருந்து கூரை மட்டம் வரை கண்ணாடியே காட்சி தருகின்றது. விற்பனை விளம்பரங்கள் அதனை உயர்ந்த வாழ்வின் அடையாளமாகப் போற்றுகின்றன. அக்கண்ணாடி காற்றுக்கு வழி விடுகின்றதா, வெயிலுக்கு மட்டுமே வழி விடுகின்றதா? முப்பது ஆண்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு வாங்கும் குடும்பம், கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய வினா இது.

பெரிய சன்னல்மீது நம் மக்கள் கொண்டுள்ள விருப்பத்தைப் பழித்தல் தகாது. தோட்டத்து லயங்களில் சிறிய பலகைச் சன்னலைச் சாத்திவிட்டால் பகலும் இருளாகும். அடுப்புப் புகை வெளியேற வழியின்றிச் சுவரில் கரியாகப் படியும். அத்தகைய அறைகளில் வளர்ந்தவர் சொந்தமாக ஒரு வீடு கொள்ளும்போது ஒளியை நாடுவது இயல்பே. விளக்கேற்றாமல் பிள்ளை படிக்க முடிவதும், நோயுற்ற முதியவர் படுக்கையிலிருந்தே வானத்தைக் காண்பதும் சிறிய இன்பங்கள் அல்ல.

அன்றியும், பெரிய சன்னல் இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய பழைய மலாய் வீடுகளில், தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவர் உடலிலும் காற்றுப்படும்படி, தரை மட்டம்வரை இறங்கிய நெடிய சன்னல்கள் உண்டு. ஆயினும் அவற்றில் கண்ணாடி இல்லை. மரக்கதவைத் திறந்தால் திறப்பு முழுவதும் காற்றின் வழியாயிற்று. தாழ்ந்து நீண்ட கூரை வெயிலையும் மழைச் சாரலையும் ஒருங்கே தடுத்தது. அவ்வீட்டின் பெரிய திறப்பை மட்டும் கடன் பெற்று, அதனைக் காத்த கூரையைக் கைவிட்டதே இக்காலக் கட்டடங்களின் பெருங்குறை எனலாம்.

இந்நாடுகள் நிலநடுக்கோட்டை அடுத்துள்ளவை. கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழக் கிழக்கே எழுந்து, உச்சியை ஒட்டிச் சென்று, மேற்கே மறைகின்றது. ஆகவே வடக்கும் தெற்கும் நோக்கிய சன்னல்களுக்குச் சிறிய மறைப்பே போதும். மேற்கு நோக்கிய சன்னலின் நிலை வேறு. மாலை வெயில் சாய்ந்து வருவதால் கூரையின் அடியாக உள்ளே புகுந்துவிடுகிறது.

இதன் விலையைக் கணக்கிட்டு நோக்குவோம். இரண்டு மீட்டர் உயரமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள மேற்குச் சன்னலின் பரப்பு 4 சதுர மீட்டர். தெளிந்த மாலையில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுவதாகக் கொண்டால், மொத்தம் 2000 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். அஃதாவது 1600 வாட் வெப்பம் அறைக்குள் சேர்கின்றது. ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி அகற்றக்கூடிய வெப்பமோ ஏறத்தாழ 2600 வாட். அதன் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒரு சன்னலுக்கே செலவாகிவிடுகின்றது.

இதற்கு மாற்றாக இரட்டைக் கண்ணாடியைப் பரிந்துரைப்போர் உளர். குளிர்நாடுகளில் அது பெரும்பயன் தருவதே. இங்கோ, குளிரூட்டிய அறைக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு எட்டுப் பாகை அளவே. அவ்வேறுபாட்டால் மேற்கூறிய சன்னலின் வழி நுழையும் வெப்பம் 200 வாட்டை எட்டாது. பகைவன் வெயிலே. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதுதான் சிக்கனம். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் நுழைந்த பின்னரே அதனைத் தடுக்க முயல்கின்றது. பெரும்பொருள் கொடுத்துப் பெரிய கண்ணாடி வாங்கி, பிற்பகல் முழுவதும் திரையால் மூடி, விளக்கேற்றி அமர்ந்திருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே ஒளியும் இல்லை, காற்றும் இல்லை, மின்கட்டணம் மட்டுமே உண்டு.

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே காண்கின்றது. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளில் 39ஆம் விதி, குடியிருக்கும் அறையின் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 விழுக்காட்டிற்கும், காற்றுப் புகும் திறப்பு 5 விழுக்காட்டிற்கும் குறையலாகாது என்கின்றது. நகர்த்தும் சன்னல் பாதியளவே திறக்கும். 'நாக்கோ' என வழங்கும் கண்ணாடித் தகட்டுச் சன்னலோ ஏறத்தாழ முழுவதும் திறக்கும். ஆயினும் சன்னல் எத்திசை நோக்க வேண்டும் என்பதை அவ்விதி கூறவில்லை. சிங்கப்பூர் 1979இல் குளிரூட்டிய கட்டடங்களுக்கும், 2008இல் பெரிய குடியிருப்புக் கட்டடங்களுக்கும், புறச்சுவர் வழி நுழையும் வெப்பத்துக்கு வரம்பு வகுத்தது கருதத்தக்கது.

வேறு செலவுகளும் உள. கண்ணாடி பெருகப் பெருகக் கம்பித் தடுப்பும் பெருகும். அடுக்குமாடியில் துடைப்பதே துன்பம். சன்னல்கள் கழன்று விழுந்த நிகழ்ச்சிகளுக்குப் பின், 2004இல் சிங்கப்பூர் அரசு வெளிப்புறம் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றுமாறு வீட்டுரிமையாளர்களுக்கு ஆணையிட்டது. பெரிய சன்னல் பேணுதலையும் கேட்கும் என்பதற்கு இது சான்று.

1997, 2015 ஆகிய ஆண்டுகளின் புகைமூட்டத்தைச் சுட்டி, திறக்கும் சன்னலால் பயன் என்ன என வினவுவாரும் உண்டு. அந்நாள்களில் சாத்தத்தான் வேண்டும். ஆயினும் சில வாரத் தீங்குக்காக ஆண்டு முழுவதும் காற்றை விலக்குதல் அறிவுடைமை ஆகாது.

ஆகவே பெரிய சன்னல் வேண்டுமா, வேண்டாவா என்பது பிழைபட்ட வினா. அது எத்திசை நோக்குகின்றது, எவ்வளவு திறக்கின்றது, வெளியே அதற்கு நிழல் உண்டா என்னும் மூன்றையுமே வினவுதல் வேண்டும். மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், பெரிய சன்னல் தன் விலையை நாள்தோறும் திருப்பித் தரும். கிடையாதாயின், அதைவிடச் சிறிய சன்னலும் அதற்குமேல் ஒரு முழ நீளக் கூரையும் சிறந்தவை. காலதர் என்று பெயரிட்டோர் காற்றையே முதலில் எண்ணினர். நாமும் கண்ணாடியை விலை பேசும் முன் காற்றை எண்ணுதல் நன்று.