புள்ளிராஜா இல்லாத நோய்

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பள்ளியில் படித்தவர்களுக்குப் புள்ளிராஜாவைத் தெரியாமல் இருக்காது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் கேள்வி. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் சீக்கிரமே ஒரு கிண்டலாகிவிட்டது. பளிச்சென்று சட்டை போட்டு வந்தவனெல்லாம் புள்ளிராஜாதான்.

விளம்பரமாக அது பெரிய வெற்றி. கதையாக வாசித்தால்தான் சிக்கல். நோய் என்றால் அதைத் தேடிப்போய் வாங்கிய ஓர் ஆள் வேண்டும். அவனுக்கு ஒரு பெயர் வேண்டும். அவன் நாமில்லை என்கிற நிம்மதியும் வேண்டும்.

இந்தக் கதைக்கு நம்மிடம் பழைய வார்ப்பு இருக்கிறது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954-இல் வந்தது. மனைவியை ஒதுக்கிவிட்டு காந்தாவிடம் போகும் மோகனுக்குக் குஷ்டம் வருகிறது. தொழுநோய் பாலியல் நோயே அல்ல. ஆனால் செய்த குற்றம் உடம்பில் தெரிந்தாக வேண்டும் என்பதால் கதைக்கு அது தேவைப்பட்டது. எம்.ஆர். ராதா படம் முழுக்க ஊரின் மூடநம்பிக்கைகளைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். நோய் என்பது பாவத்துக்குக் கிடைத்த கூலி என்கிற மூடநம்பிக்கையை மட்டும் படம் தொடவில்லை, அதன் மேல்தான் நிற்கிறது. 2007-இல் சாமி எடுத்த ‘மிருகம்’ படத்தில் குஷ்டத்தின் இடத்துக்கு எய்ட்ஸ் வந்தது. வார்ப்பு மாறவில்லை.

ஹெச்.பி.வி. இந்த வார்ப்புக்குள் அடங்காத கிருமி. பாலுறவில் ஈடுபடுபவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு துணை இருந்தவருக்கும் வரலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அடக்கிவிடும். 200-க்கும் மேற்பட்ட வகைகளில் 16, 18 என்ற இரண்டு மட்டுமே கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். தொற்று வருடக்கணக்கில் பதுங்கியிருந்து பிறகு பரிசோதனையில் தெரியலாம். அதனால் யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் தொழில் பாஷையில், டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக்.

திருவொற்றியூரில் வளர்ந்து ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தோழி ஒருத்திக்கு ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தது. “பயப்படாதீங்க, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கலாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய கவலை வேறு. “புதுசா ஒருத்தன்கூடப் பழகிட்டிருக்கேன். அவன்கிட்ட சொல்லணுமா? சொன்னா என்னைப் பத்தி என்ன நெனப்பான்?”

முதல் கேள்வி மருத்துவம். இரண்டாவது கேள்வி ‘ரத்தக்கண்ணீர்’.

முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் தோல் உரசலிலேயே பரவுவதால் முழுதாகத் தடுக்காது. ஆண்களுக்கு வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. அவனிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. ‘அப்ப எதுக்குச் சொல்லணும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் வரக்கூடியது என்பதும் சரிதான். ஆனாலும் சொல்லலாம் என்பதே என் கட்சி. தடுப்பூசி போடுவதா, காத்திருப்பதா என்று அவனும் யோசித்து முடிவெடுக்கலாம். அவன் உடம்பு, அவன் முடிவு.

ஆனால் எந்த மொழியில் சொல்வது? நம் கதைகள் கற்றுத்தந்தது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மொழி ஒன்றைத்தான். செய்தி சொல்லும் மொழி இல்லை. ‘எனக்கு ஹெச்.பி.வி. இருக்கு, நெறைய பேருக்கு இருக்கும், பேசி முடிவு பண்ணலாம்’ என்று தலைகுனியாமல் ஒரு பெண் சொல்லும் காட்சியைத் தமிழ் சினிமாவில் நான் பார்த்ததில்லை.

இன்றைய விழிப்புணர்வும் இந்த மொழியைத் தருவதில்லை. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுப் பெண்குழந்தைகளுக்குத் தடுப்பூசியை ஊக்குவிப்பதாக அறிவித்தார்கள். தொற்றுக்கு முன்பே போட வேண்டும் என்பதால் அந்த வயது சரிதான். ஆனால் பேச்சு முழுக்க அம்மா, மகள், கருப்பைவாய். ஆண் எங்கே? ஆஸ்திரேலியா 2013-லிருந்தே பையன்களுக்கும் போடுகிறது. புள்ளிராஜாவில் ஆண் மட்டும் இருந்தான், குற்றவாளியாக. இங்கே ஆணே இல்லை. குற்றவாளியாக இல்லையென்றால் நோய்க்கதையில் ஆணுக்கு வேறு வேடமே கிடையாதா?

கதை இல்லாமலும் வேலை நடக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. அங்கே 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அந்தச் சோதனைக்கு ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வி தேவைப்படவே இல்லை.

தோழி இன்னும் அவனிடம் சொல்லவில்லை. வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள். அதைத் தேடித்தர வேண்டியது அவள் மட்டுமல்ல, கதை எழுதுகிறவர்களும்தான்.