சராசரி ஆணின் அளவுகோல்

கல்லூரி மருத்துவ முகாமில் தந்த அட்டையில் என் உடலைப் பற்றி ஒரே ஒரு வரி: 25.8, அதிக எடை. எனக்குப் பின்னால் நின்ற மாணவிக்கு 20.8, இயல்பு. “நீ பாஸாயிட்டடி” என்று தோழிகள் அவளைச் சீண்டினார்கள். அடுத்த வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8. அதன்பிறகுதான் அந்த எண்ணையும் ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினேன். இதை எழுதியது யார்? யாருடைய உடலை மனதில் வைத்து?

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு, 1830களில் பெல்ஜிய வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெத்தலே கண்டது. அவர் தேடியது ‘சராசரி மனிதனை’, நோயாளியை அல்ல. 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் அதற்கு ‘உடல் நிறை குறியீட்டெண்’ என்று பெயரிட்டார்கள். ஐந்து நாடுகளில் அவர்கள் ஆராய்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பெண்கூட இல்லை.

ஆண்களுக்குள்ளேயே இந்த எண் தடுமாறுகிறது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் குறியீட்டெண் 22.3தான். உடல் கொழுப்போ ஒருவருக்கு 21.2 விழுக்காடு, மற்றவருக்கு 9.1. கொழுப்பு அதிகம் இருந்தது யாஜ்னிக்குக்கு. 2004இல் தங்கள் படத்தோடு ‘லான்செட்’ இதழில் அவர்களே இதை எழுதினார்கள்.

நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், 2009இல் இந்திய மருத்துவர்கள் அதிக எடைக்கான கோட்டை 25இலிருந்து 23க்கும், பருமனுக்கான கோட்டை 30இலிருந்து 25க்கும் இறக்கினார்கள். உலகக் கணக்கில் ‘அதிக எடை’யான நான் இந்தியக் கணக்கில் ‘பருமன்’. இந்த மாற்றத்துக்கு நியாயம் உண்டு. என் எண்ணை நான் அலட்சியம் செய்யவில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டேன். அது ஒரு எச்சரிக்கை மணி. அதையே தீர்ப்பாக வாசிப்பதைத்தான் மறுக்கிறேன். 2025 ஜனவரியில் லான்செட் நிபுணர் குழுவும் இந்த எண்ணை மட்டும் வைத்துப் பருமனை முடிவு செய்யக் கூடாது என்றது: இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். இரத்தசோகை உள்ளவர்கள் சுமார் 53 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணை எடை இயந்திரம் சொல்லாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளைப் பற்றியோ, காலை உணவில்லாமல் பேருந்து பிடிக்கிறவளைப் பற்றியோ, மாதவிடாயில் அதிகம் இரத்தம் இழந்தும் வெளியே சொல்லாதவளைப் பற்றியோ கேட்க அந்த அட்டையில் கட்டமே இல்லை.

அந்த மாணவி இப்போது இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். அடுத்த முகாமில் எடை பார்த்ததும் நகர்ந்துவிடாதீர்கள். “ஹீமோகுளோபின் பார்ப்பீர்களா?” என்று கேளுங்கள். ‘இயல்பு’ என்று எழுதித் தந்தாலும் கேளுங்கள்.