வினாப்பட்டியலும் புரிதலும்

விடை காணப்படாத வினாக்களைத் தொகுத்து வெளியிடுவது வடிவக்கணித இடவியலில் வேரூன்றிய ஆய்வு மரபாகும். நீட்டினாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராய்வது இடவியல். எப்புள்ளியின் அருகிலும் தட்டையாகத் தோன்றி, முழுமையில் வேறு வடிவம் கொள்ளக்கூடிய வெளி பன்முகவெளி எனப்படும். சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலையின் இரு ஓரங்களை இணைத்துக் குழலாகத் தைத்தால், ஓர் இழையின் அருகில் அது விரித்த சேலையை ஒத்தே இருக்கும். ஆனால் குழலைச் சுற்றிய நூற்கண்ணியைத் துணியை விட்டு விலகாமல் ஒரு புள்ளியாகச் சுருக்க இயலாது.

இத்தகைய வெளிகளைப் பற்றிய சிதறிய முயற்சிகளை ஒரு திசையில் திரட்டுவதே வினாக்களைத் தொகுக்கும் மரபின் வலிமை. கணிதவியலர் வில்லியம் தர்ஸ்டன் 1982இல் முன்வைத்த 24 வினாக்களுள் முதலாவது, மூடிய முப்பரிமாணப் பன்முகவெளி ஒவ்வொன்றையும் எட்டு வகை வடிவக்கணிதங்களுள் ஒன்றை ஏற்கும் துண்டுகளாகப் பிரிக்கலாம் என்னும் ஊகம். கிரிகோரி பெரல்மான் 2002–2003இல் அதை நிறுவியபோது, 1904இல் புவான்கரே எழுப்பிய வினாவும் உடன் தீர்ந்தது. அவ்வினாக்களுள் மற்றொரு முதன்மை வினாவுக்கு 2012இல் இயான் ஏகோல் விடை கண்டார்.

எனினும், வினாவை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என முடித்துவைப்பதே குறிக்கோள் என்னும் எண்ணத்தைப் பட்டியல் வளர்த்துவிடுகிறது. சென்னையில் பிறந்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சி. பி. இராமானுஜத்தின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்வெண்ணத்தின் குறையை உணர்த்துகிறது. தனக்குள்ளேயே ஒரு புள்ளியாகச் சுருங்கக்கூடிய வழுவழுப்பான கலப்பெண் இயற்கணிதப் பரப்பு, கலப்பெண் தளமாகவே இருந்தாக வேண்டுமா என்னும் வினாவுக்கு அவர் ‘இல்லை’ என எடுத்துக்காட்டுடன் விடையளித்தார். அத்துடன் நில்லாமல், மிகத் தொலைவில் உள்ள கண்ணிகளும் அத்தொலைவிலேயே சுருங்குமாயின் அது தளமே என்றும் நிறுவினார். மறுப்பைவிட, மறுப்புக்கான காரணத்தைக் காட்டிய இந்த நிபந்தனையே பெரிய பேறு.

இலைப்படலக் கோட்பாட்டில், அதாவது வெளியை ஏட்டின் தாள்களைப் போல அடுக்கிப் பிரிக்கும் துறையில், தமது தேற்றங்கள் விரைந்து குவிந்தபின் பிறர் அத்துறையை விட்டு விலகியதைத் தர்ஸ்டனே 1994இல் எழுதினார். விடைகள் பெருகியும் புரிதல் பரவாததன் விளைவு அது. பெரிய நிறுவனங்களின் உரையாடலுக்கு வெளியே, சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் கணிதம் பயில்வோருக்கு விடைக்கும் புரிதலுக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்னும் அகலமானது. வினாவின் சொற்கள் அவர்களை எட்டினாலும் அதன் பின்னணி எட்டுவதில்லை.

ஆகவே வினாப்பட்டியல் கைவிடத்தக்கதன்று, திருத்தத்தக்கது. வினா எதிலிருந்து பிறந்தது, எதுவரை அறியப்பட்டுள்ளது, முயற்சி எங்கே தடைப்பட்டது என்பவற்றையும் சேர்த்துத் தமிழில் எழுதித் தருவது கணித ஆசிரியர்கள் மேற்கொள்ள வேண்டிய கடமை.